இருபத்தெட்டு மில்லிமீட்டர்

கடையில் மிச்சம் நாற்பத்தொரு கார்புரேட்டர்கள்.
எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினேன்.
போன வருஷக் கணக்கிலும் நாற்பத்தொன்றுதான்.

பீடோங்கில் மழை. சடக்கில் போகிற மோட்டார் எதுவும்
இப்போது இருமுவதில்லை.
கோளாறு என்றால் மடிக்கணினியோடு ஒரு பையன் வருகிறான்,
ஒயரைச் செருகுகிறான், குதிரைச்சக்தி கூடிவிடுகிறது,
நூற்றைம்பது வெள்ளி.
போகும்போது கை கழுவத் தண்ணீர்கூடக் கேட்பதில்லை.

செம்பனை ஆலையில் சம்பளம் போட்ட இரவுகளில்
கதவை இடித்து எழுப்புவார்கள்.
மெயின் ஜெட் நூற்றுப்பதினைந்து இருக்கா அக்கா,
நூற்றிருபது?
புகைக்குழாய் தறித்த ஆர்எக்ஸ்இசட்கள்
வாசலில் நின்று தொண்டையைக் கிழித்துக்கொள்ளும்.
மூன்றாம் டிவிஷன் நேர்ச்சடக்கில் பந்தயம்,
தோற்றால் ஒரு மாதச் சம்பளம்.
அதில் விழுந்து கால் ஒடித்த கோகிலவாணன்
மாவுக்கட்டு காய்வதற்குள் ஊன்றுகோலில் வந்தான்,
முப்பது மில்லி வேணும் என்று.
கடன் புத்தகத்தில் அவன் பக்கம் இன்னும் திறந்தே இருக்கிறது.

ஜப்பான் சரக்கு முந்நூற்றெண்பது.
அச்சு அசலாக அதைப்போலவே சீனச் சரக்கு அறுபத்தைந்து,
உடம்பில் பெயர் மட்டும் இருக்காது.
பெயரை நாங்கள் வைத்தோம்.

கூட்டாளி புஷ்பநாதன் ஈப்போவில் வாங்கி வந்த
எஃகு எழுத்தச்சு, இருபத்தேழு துண்டு, மரப்பெட்டியில்.
கடையடைத்த பிறகு
நான் டார்ச் பிடிப்பேன், அவன் சுத்தியல்.
எழுத்துக்கு ஒரே அடி.
இரண்டாவது விழுந்தால் எழுத்து இரட்டிக்கும்,
அதைப் பழைய இரும்பில் வீசுவோம்.
ஜப்பான்காரன் எழுத்து லேசாக இடப்பக்கம் சாயும்.
புஷ்பநாதனுக்கு அது ஆகாது.
அடிக்கோல் வைத்து நேராக அடித்தான்.
யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.
முந்நூறு கொடுத்து வாங்கி நன்றியும் சொன்னார்கள்.

பிறகு குருணில் ஒருவன் அச்சு வாங்கினான்.
சுங்கைப்பட்டாணியில் மூன்று பேர்.
ஜப்பான் நூற்றெண்பதுக்கு வந்தது, நூற்றிருபதுக்கு வந்தது,
பாசார் மாலாமில் பாய் விரித்து
எண்பத்தைந்துக்கும் ஜப்பான் கிடைத்தது.
மலிந்ததும் சந்தேகம் வந்தது, சந்தேகம் வந்ததும்
அசலையும் யாரும் தொடவில்லை.
கம்ப்யூட்டர் மோட்டார் அதற்கப்புறம்தான் வந்தது.
தொழிலைக் கெடுத்தது அதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.
வங்கியில் கேட்டபோது நானும் அதையே சொன்னேன்.

புஷ்பநாதன் இப்போது ஜொகூரில் லாரி ஓட்டுகிறான்.
மரப்பெட்டியைக் கேட்கவில்லை.

இன்று மதியம் அலோர்ஸ்டாரிலிருந்து ஹஃபிசுடின் என்றொருவர்.
பழைய மோட்டார்களைப் புதுசாக்கிக்
கண்ணாடிக் கூண்டில் வைக்கிறவராம், ஓட்டுவதில்லை.
அசல் இருந்தால் ஆயிரத்திருநூறு என்றார்.

நாற்பத்தொன்றில் அசல் ஒன்றுதான்.
மேல்தட்டு, மஞ்சள் டப்பா. இறக்கி வைத்தேன்.
பூதக்கண்ணாடியை எடுத்தார்,
போன் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.
"இது போலி, காக். எழுத்து சாய்ந்திருக்கு பாருங்கள்."
வேறு இருக்கா என்று அவரே அலமாரியைத் துழாவி
புஷ்பநாதன் அடித்த ஒன்றை எடுத்தார்.
"ஜப்பான்காரன் வேலை என்றால் இப்படி இருக்கும்,
நூல் பிடித்த மாதிரி."

மிதவை ஏறி ஊசி வாயை அடைக்கிற மாதிரி
சொல்ல வந்தது நின்றுவிட்டது.
அது இல்லை, இதுதான் என்பதை
மலாயில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.
எனக்கு மலாய் நன்றாகவே வரும்.

ரசீது கேட்டார். எழுதினேன்:
கார்புரேட்டர், இருபத்தெட்டு மில்லி, ஒன்று.
அசல் என்றும் போடுங்கள் என்றார்.
போட்டேன்.
கை நடுங்கியதோ என்னவோ,
அந்த ஒரு சொல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
அவர் அதைப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தார்.

மஞ்சள் டப்பா மேல்தட்டுக்கே போயிற்று.
மிச்சம் நாற்பது.